அம்மாவின் எடை போக மீதி

குழந்தைகள் வார்டில் அவரை எல்லோரும் கிராம் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வந்தவர்களை, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வாசல் காவலாளியே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு குழந்தையின் எடை பத்து கிலோ நாற்பது கிராம் என்றால், அவர் அதை அப்படியே எழுதுவார். பத்து என்று முடித்துவிட மாட்டார்.

"பத்துன்னு போட்டா என்னண்ணே, குடியா முழுகிடப் போகுது?" என்று நர்ஸ்கள் கேட்பார்கள்.

"நாப்பது கிராம் ஏற அந்தப் பிள்ளை எத்தனை நாள் இருமிக்கிட்டே முழுங்கியிருக்கும்? நீ முழுங்கிப் பாரு, தெரியும்" என்பார்.

அவருடைய வேலை அளப்பது. அந்த வார்டின் கிழக்குப் பக்கத்தில் எட்டுக் கட்டில்கள். மூளை முடக்குவாதம் உள்ள, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சளியோ வலிப்போ அதிகமாகி அங்கே வந்து சேருவார்கள். வந்த காரணம் எதுவாக இருந்தாலும், அவர்களுடைய உடம்பில் போதுமான சாப்பாடு சேர்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது பெரிய டாக்டரம்மாவின் கட்டளை. பார்ப்பதற்கு எளிய வேலை. செய்யப் போனால் ஒவ்வொரு அளவும் முரண்டு பிடிக்கும்.

உயரம் எடுக்கப் பிள்ளை நிற்காது. பலகையில் படுக்கவைத்துக் காலை நீட்டினால் முழங்கால் மடங்கியபடியே இருக்கும். அழுத்தினால் உடம்பு வில்லாக விறைக்கும். அதனால் முழங்காலிலிருந்து குதிகால் வரை மட்டும் அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்குப் போட வேண்டும். பிறகு மேல்கையின் சுற்றளவு. பிறகு மேல்கையின் பின்பக்கத் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, இடுக்கி போன்ற ஒரு கருவியால் அதன் தடிமன். ஒவ்வொன்றையும் மூன்று முறை எடுத்து நடு அளவை எழுதுவார். இதையெல்லாம் யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இடுக்கி வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்து, முதல் ஒரு மாதம் தன் கையையும் மனைவியின் கையையும் கிள்ளிப் பழகினார். "வீட்டுக்கு வந்தாலும் கிள்ளுறது நிக்கல" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

இங்கே வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் லாரி எடை மேடையில் வேலை பார்த்தவர் அவர். புறவழிச் சாலை வந்து லாரிகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட, எடை மேடையை மூடினார்கள். மைத்துனர் சொல்லி ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சர் தள்ளும் வேலை கிடைத்தது. ஒருநாள் வார்டில் எடை பார்க்க ஆள் வராததால் அவரை நிற்கச் சொன்னார்கள். அன்று நின்றவர்தான், ஒன்பது வருடமாக நிற்கிறார்.

எடை பார்ப்பதற்கு அந்த வார்டில் ஒரு முறை இருந்தது. தட்டுத் தராசில் படுக்கவைத்தால் இந்தப் பிள்ளைகள் திடுக்கிட்டுக் கையைக் காலை உதறும். எண் ஒரு நிலைக்கு வராது. அம்மாவின் தோளில் இருந்தால் அடங்கும். அதனால் அம்மாவை மட்டும் ஏற்றி ஒரு எடை, பிள்ளையோடு ஏற்றி ஒரு எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பிள்ளையின் எடை.

இதில் கிராம் ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பருமனான ஒரு தாய் தராசில் ஏறியபோது பின்னால் நின்ற யாரோ எண்ணைச் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா அன்று பூராவும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து அவர் தராசின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அம்மாவைத் தனியாக ஏற்றுவது, பிள்ளையைச் சேர்க்கும் நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் திரை இழுத்துவிட்டு. அந்த எடை அட்டையின் மேல் மூலையில் ஒரு கட்டத்தில் ஏறிவிடும். அடுத்தடுத்த நாட்களில் இருவரையும் சேர்த்து ஏற்றி, கட்டத்தில் இருக்கும் எண்ணைக் கழித்துக்கொள்வார். தாய்மார்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. "உங்களுக்கு இருக்கிற பக்குவம் வேற யாருக்கு வரும்" என்று தலைமை நர்ஸே பாராட்டியிருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் கட்டிலுக்கு நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. வீட்டில் கூப்பிடும் பெயர் சிட்டு. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்ப் போய் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தாய் தனியாகத்தான் வந்திருந்தாள். கணவர் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தார். தாயின் எடை 51 கிலோ 300 கிராம். இருவரும் சேர்ந்து 61 கிலோ 120. சிட்டு 9 கிலோ 820. நான்கு வயதுக்கு அது மிகவும் குறைவு.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. சாப்பாட்டைக் கெட்டியாகக் குழைத்து, முதுகை நிமிர்த்தி, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் ஊட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். தாய் உடனே பிடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம். கிராம் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, எத்தனை கரண்டி, எத்தனை இருமல் என்று குறித்துக்கொண்டார். இருமல் நாளுக்கு நாள் குறைந்தது. வாயில் போட்டது வெளியே வழிவதும் குறைந்தது.

ஆனால் எடையும் குறைந்தது. வெள்ளிக்கிழமை 9 கிலோ 180. அடுத்த செவ்வாய் 8 கிலோ 640.

டாக்டரம்மா அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தாயிடம் வந்தார்.

"இங்க பாருங்கம்மா. நீங்க செய்யறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இவ்வளவு ஊட்டியும் எடை இறங்குதுன்னா, வாய் வழியா போறது இவளுக்குப் பத்தலைன்னு அர்த்தம். வயித்துல சின்னதா ஒரு துளை போட்டுக் குழாய் வெச்சிடலாம். வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் கிடைக்குது."

"மயக்க மருந்து குடுப்பீங்களா டாக்டர்?"

"குடுத்துத்தான் ஆகணும்."

"அவ நெஞ்சு தாங்குமா?"

டாக்டரம்மா பொய் சொல்லிப் பழகாதவர். "கொஞ்சம் கவலை இருக்கு. ஆனா இப்படியே விட்டா அதைவிடப் பெரிய கவலை" என்றார்.

தாய் தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு கிராமிடம், "அண்ணே, அவளுக்கு நடக்க வராது, பேச வராது, பொம்மையைப் பிடிக்க வராது. வாய்க்கு ருசி தெரியும். அது ஒண்ணுதான் அவளுக்கு இருக்கிற விளையாட்டு. அதையும் நான் ஒழுங்கா ஊட்டாம கெடுத்துட்டேனே" என்றாள்.

"குழாய் வெச்சாலும் ருசிக்குக் கொஞ்சம் வாயில குடுக்கலாம்மா" என்றார் கிராம். அது உண்மைதான். ஆனாலும் சொன்ன அவருக்கே அது சப்பென்று இருந்தது.

புதன்கிழமை காலை மறுபடி எல்லா அளவும் எடுக்க வேண்டியிருந்தது. மயக்க மருந்தின் அளவை எடை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். கிராம் முதலில் மேல்கையை அளந்தார். சேர்த்த அன்று 13.2 சென்டிமீட்டர். இப்போது 13.4. தவறாகச் சுற்றிவிட்டோமோ என்று நாடாவை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினார். 13.4. மூன்றாவது முறையும் அதேதான். தோலின் தடிமன் அன்று ஆறு மில்லிமீட்டர், இன்றும் ஆறு.

அவர் நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். ஒன்பது நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிய பிள்ளையின் கை மெலியாமல் எப்படி இருக்கும்? நீர் கோத்திருக்கலாம் என்று புறங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. சிட்டு காலை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே, புதுசா ஏதாவதா?" தாயின் குரல் மிரண்டு வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. தராசு சரியில்லையோன்னு ஒரு சந்தேகம்."

அலமாரியிலிருந்து ஐந்து கிலோ இரும்புப் படிக்கல்லைத் தூக்கிவந்து தராசில் வைத்தார். சரியாக ஐந்து காட்டியது. தராசின் மேல் பழியைப் போடவும் வழியில்லை.

"சரி, பாப்பாவைத் தூக்கிட்டு ஏறுங்க."

தாய் குனிந்து பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் மணிக்கட்டில் இருந்த கைக்கடிகாரம் சரிந்து முழங்கை வரை போய் நின்றது. பட்டையைக் கடைசித் துளையில்தான் மாட்டியிருந்தாள். தராசு 59 கிலோ 860 என்றது. கிராம் அதை எழுதவில்லை. அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடை மேடையில் லாரிக்காரர்கள் செய்யும் ஒரு தில்லுமுல்லு அவருக்கு அத்துப்படி. சரக்கோடு வண்டியை எடை போட்டுவிட்டு, வெறும் வண்டி எடைக்குப் பழைய சீட்டை நீட்டுவார்கள். "நேத்துதானே பார்த்தோம், வண்டி என்ன இளைச்சாப் போயிடும்?" என்பார்கள். டீசல் தீர்ந்திருக்கும், கூடுதல் சக்கரத்தைக் கழற்றி வைத்திருப்பார்கள், தார்ப்பாய் மாறியிருக்கும். பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இறக்கிட்டு மறுபடி ஏத்து" என்று பதினோரு வருடம் கத்தியவர் அவர். லாரியை நம்பாதவர், தாய்மார்களைக் கூச்சப்படுத்த மனமில்லாமல் ஒன்பது வருடமாகப் பழைய சீட்டையே வாங்கிக்கொண்டிருந்தார்.

திரையை இழுத்துவிட்டார். "பாப்பாவைக் கட்டில்ல விட்டுட்டு, நீங்க மட்டும் ஒரு தடவை ஏறுங்கம்மா."

"எனக்கு எதுக்குண்ணே? ஆபரேஷன் பாப்பாவுக்குத்தானே."

"ஏறுங்களேன், சொல்றேன்."

49 கிலோ 720.

கிராம் அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கழித்தார். பிறகு கீழே இன்னொரு முறை கழித்தார். 10 கிலோ 140. சிட்டு ஒரு கிராம்கூட இறங்கவில்லை. முந்நூற்றிருபது கிராம் ஏறியிருந்தாள். இளைத்தது தாய். ஒன்பது நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இளைத்திருந்தாள். அவள் இழந்ததையெல்லாம் பிள்ளையின் கணக்கில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்.

"அம்மா, நீங்க சாப்பிடறீங்களா?"

"சாப்பிடாம என்ன."

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

அவள் யோசித்தாள். "நேத்து வண்டி வர்றப்ப இவளுக்கு ஊட்டிட்டு இருந்தேன். பாதியில நிறுத்தினா மறுபடி வாயைத் திறக்க மாட்டா. அவங்க போயிட்டாங்க."

"முந்தாநாளு?"

"அன்னைக்கும் அப்படித்தான். டீ குடிச்சேனே."

வார்டுச் சாப்பாட்டு வண்டி வரும் நேரமும் மூன்றாம் கட்டிலில் ஊட்டும் நேரமும் ஒன்றாக இருந்தன. ஒன்பது நாளாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊட்டுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிமிடக் கணக்கில் குறித்தவரும் கவனிக்கவில்லை.

கிராம் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். அங்கே தலைமை நர்ஸும் இருந்தார். அதனால் கிராம் தனியாகச் சொல்ல நினைத்தது நடக்கவில்லை.

"டாக்டர், மூணாம் கட்டில் எடை தப்பு. தப்பு பண்ணினது நான்."

"எவ்வளவு?"

"ஒன்றரைக் கிலோ."

தலைமை நர்ஸ் நிமிர்ந்தார். "கிராம் கிராமா பொறுக்கிட்டு கிலோவைக் கோட்டை விட்டுட்டீங்களாண்ணே?"

கிராம் அட்டையைத் திருப்பிக் கழித்தலைக் காட்டினார். டாக்டரம்மா அதைப் படித்தார், கையின் அளவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முகத்தில் கோபம் நன்றாகவே தெரிந்தது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத் தியேட்டர். நீங்க கொடுத்த எண்ணை வெச்சுத்தான் முடிவு பண்ணினேன். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"வாங்க. என் கண் முன்னாடி இன்னொரு தடவை எடுங்க."

எடுத்தார்கள். தாயைத் தனியாக ஒருமுறை, சேர்த்து ஒருமுறை. டாக்டரம்மாவே நாடாவை வாங்கி மேல்கையை அளந்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சிட்டுவின் உள்ளங்கையைப் பிரித்துத் தன் விரலைக் கொடுத்தார். அவர் குரலில் இருந்த கோபம் எங்கோ போயிருந்தது.

"தியேட்டருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க சிஸ்டர்."

தாய்க்குப் புரியவில்லை. "வேணாம்னா? அவளுக்கு அவ்வளவு முடியலையா டாக்டர்?"

"ஐயோ, இல்லம்மா! அவ நல்லா இருக்கா. எடை ஏறியிருக்கா. நீங்க ஊட்டினது உடம்புல ஒட்டியிருக்கு. இளைச்சது நீங்க."

தாய் டாக்டரம்மாவைப் பார்த்தாள், கிராமைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தலைமை நர்ஸ் பதறி, "என்னம்மா, மயக்கமா?" என்று குனிந்தார். விரல்களுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"நானா? இவ பொறந்ததிலிருந்து நான் இளைச்சேனா பெருத்தேனான்னு ஒருத்தரும் கேட்டதில்ல டாக்டர்."

"இனிமே கேப்போம்" என்றார் டாக்டரம்மா. "இன்னொண்ணும் சொல்லிடறேன். இவ வளர வளரத் தேவை கூடும். அப்ப ஒருவேளை குழாய் வேண்டி வரலாம். வந்தா அதை உங்க தோல்வின்னு நினைக்காதீங்க. மாசா மாசம் கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்."

"சரி டாக்டர். அப்ப வேணும்னா வெச்சுக்கலாம்" என்றாள் அவள். நேற்று குழாய் என்ற சொல்லைக் கேட்டபோது இருந்த நடுக்கம் இப்போது குரலில் இல்லை.

கிராமுக்கு வேலை அதோடு முடியவில்லை. மீதி ஏழு கட்டில்களின் அட்டைகளிலும் அதே கட்டம் இருந்தது. அன்று மத்தியானத்துக்குள் ஏழு தாய்மார்களிடமும் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திரை போட்டு ஏற்றினார். ஐந்தாம் கட்டில்காரி, "என்னைத் திரும்ப ஏத்துறதுக்குப் பதிலா என்னையே ஆஸ்பத்திரியில சேர்த்துக்கோங்க" என்று சடைத்துக்கொண்டுதான் ஏறினாள். ஆறு பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழாவதாக எட்டாம் கட்டில். பார்க்க வரும் உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்ததைச் சாப்பிட்டு அந்தத் தாய் ஒரு கிலோ ஏறியிருந்தாள். இருநூறு கிராம் ஏறியதாக அட்டையில் இருந்த அவளுடைய பையன், கணக்கைத் திருத்தியதும் எண்ணூறு கிராம் இறங்கியிருந்தான். நல்லபடியாகத் தேறுகிறான் என்று எல்லோரும் விட்டுவைத்திருந்த பிள்ளை. அன்று சாயங்காலமே அவனுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டுக் கூடுதல் உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அதைக் கேட்டபோது கிராமின் முகம் வெளிறிப்போனது. தலைமை நர்ஸ் காலையில் செய்த கேலியைத் தொடரவில்லை. "பார்த்துட்டீங்கல்ல, விடுங்க. இன்னும் ஒரு வாரம் போயிருந்தாத்தான் வம்பு" என்றார். அட்டை அச்சடிக்கும் இடத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார்: அம்மாவின் எடைக்கு மேல் மூலையில் ஒரு கட்டம் போதாது, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "தெரிஞ்சதும் நீங்களே போய்ச் சொன்னீங்களா, இல்ல மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

"நானேதான்."

"அப்ப சாப்பிடுங்க" என்று தட்டை நகர்த்தினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி, தியேட்டருக்குப் போக வேண்டியிருந்த நேரம், வார்டில் எந்த விசேஷமும் இல்லாமல் கடந்துபோனது. மத்தியானம் சாப்பாட்டு வண்டி மூன்றாம் கட்டிலருகே வந்தபோது தாய் ஊட்டிக்கொண்டிருந்தாள். "அப்புறம் வாங்கிக்கறேன்" என்று வழக்கம்போல் சொல்லப் போனாள். தலைமை நர்ஸ் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிராம் வண்டிக்காரரை நிறுத்தி, தட்டை வாங்கித் தாயின் மடியில் வைத்தார்.

"சூடா இருக்கு, சாப்பிடுங்கம்மா."

அவள் இரண்டு வாய் வேகமாகச் சாப்பிட்டாள். மூன்றாவதை மெல்லும்போது கண் கட்டிலுக்குப் போனது.

"சிஸ்டர், அவ்வளவு வேகம் வேணாம். மோவாயைக் கொஞ்சம் தாழ்த்துங்க. அந்தப் பக்கம் இல்ல, இடது பக்கம் குடுங்க."

"முதல்ல உங்க வாயில இருக்கிறதை முழுங்குங்க" என்றார் தலைமை நர்ஸ்.

"முழுங்கறேன், முழுங்கறேன்" என்றாள் தாய், வாய் நிறையச் சோற்றோடு. "அவ முழுங்கினாளான்னு பார்த்துட்டு அடுத்த கரண்டியை எடுங்க."